நாய்க்குட்டிக்கு இழுக்கக் கற்றுக் கொடுத்தது யார்?

மாலை நேரத்தில் உங்கள் தெருவில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நாய் முன்னால் பாய்ந்து போகிறது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஒருவர், உடலைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, செருப்பைத் தேய்த்தபடி அதன் பின்னால் ஓடுகிறார். நாயைக் கூட்டிக்கொண்டு இவர் உலாவப் போகிறாரா, இவரைக் கூட்டிக்கொண்டு நாய் போகிறதா என்று சொல்வது கடினம். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதன் முடிவு பல சமயம் சிரிக்கும்படி இருப்பதில்லை.

குட்டியாக இருந்தபோது ஒரு கையால் பிடிக்க முடிந்த நாய், ஓராண்டில் பதினைந்து இருபது கிலோ எடைக்கு வளர்ந்துவிடுகிறது. பாட்டியால் அதைப் பிடிக்க முடியாது, உங்களாலும் முடியாது. ஒரு நாள் யாராவது கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வார்கள். மறுநாள் முதல் "இதை இனிமேல் வெளியே கூட்டிப் போக வேண்டாம்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும். அதன்பின் அந்த நாயின் உலகம், கட்டிப்போட்ட தூணைச் சுற்றி ஆறடிதான். அப்படிக் கட்டிக் கிடக்கும் நாய் வருவோர் போவோரை எல்லாம் பார்த்துக் குரைக்கிறது. பிறகு கடிக்கவும் பழகுகிறது. "பொல்லாத நாய்" என்ற பெயரும் வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சிறிய பழக்கம்: கயிற்றை இழுப்பது. இந்தப் பழக்கம் குட்டிக்கு எப்படி வந்தது? பிறக்கும்போதே வந்ததா? யாராவது கற்றுக் கொடுத்தார்களா? இதற்கு விடை தேட, நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு பூனைக் கூண்டை எட்டிப் பார்ப்போம்.

பெட்டிக்குள் பூனை

அமெரிக்காவில் எட்வர்டு தார்ண்டைக் என்ற இளைஞர் விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய விரும்பினார். முதலில் கோழிக்குஞ்சுகளைத் தம் அறையிலேயே வளர்த்தார். வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை. கடைசியில் அவருடைய பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையில் குஞ்சுகளுக்கு இடம் கொடுத்தார். பேராசிரியரின் குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டமாம்!

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் பூனைகளையும் நாய்களையும் வைத்துச் சோதனைகள் செய்தார். மரச்சட்டங்களால் ஆன ஒரு பெட்டி. உள்ளே பசியோடு ஒரு பூனை. வெளியே உணவு. உள்ளே தொங்கும் ஒரு கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனைக்கு அது தெரியாது. அது பிறாண்டும், கடிக்கும், சந்துகளில் மூக்கை நுழைக்கும். இப்படிப் பரபரக்கும்போது தற்செயலாகக் கால் வளையத்தில் பட்டுக் கதவு திறந்துகொள்ளும். தார்ண்டைக் பூனையை மீண்டும் பெட்டியில் விடுவார். வெளியே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வார்.

நேரம் மெல்ல மெல்லக் குறைந்தது. "ஆகா, புரிந்துவிட்டது!" என்று பூனை ஒரே தாவலில் கற்றுக்கொள்ளவில்லை. பயனற்ற செயல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கதவைத் திறந்த செயல் மட்டும் நிலைத்தது. 1898இல் இந்த ஆராய்ச்சியை அவர் வெளியிட்டார். இதிலிருந்து பிறந்ததுதான் "விளைவு விதி". ஒரு செயலுக்குப் பின் இன்பமான விளைவு கிடைத்தால், அதே சூழ்நிலையில் அந்தச் செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடுகிறது.

இப்போது நம் குட்டிக்கு வருவோம். குட்டிக்கு முன்னால் பத்தடி தூரத்தில் ஒரு மின்கம்பம். அதன் அடியில் நேற்றிரவு வேறு நாய்கள் விட்டுச் சென்ற வாசனை. நாயின் மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் இருபது கோடிக்கும் மேல்; நமக்கோ அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே அந்தக் கம்பம் குட்டியை எப்படி ஈர்க்கும் என்பதை நாம் கற்பனைதான் செய்ய முடியும். குட்டி கம்பத்தை நோக்கிப் பாய்கிறது. கயிறு விறைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "சரி, வருகிறேன், வருகிறேன்" என்று இரண்டடி முன்னால் போகிறோம். கம்பம் இரண்டடி நெருங்கிவிட்டது!

குட்டியின் கணக்கில் இது மிகத் தெளிவு. இழுத்தேன், கம்பம் அருகில் வந்தது. தார்ண்டைக்கின் பூனைக்கு வளையம் எப்படியோ, நம் குட்டிக்கு விறைத்த கயிறு அப்படி. ஒரு நாள் உலாவில் இப்படி எத்தனை முறை நடக்கும்? ஐம்பது முறை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு பாடம்! எந்தப் பள்ளியிலும் இவ்வளவு பயிற்சி தருவதில்லை. இழுப்பதை நாம்தான் இத்தனை ஒழுங்காகக் கற்றுக் கொடுக்கிறோம்.

நாம் பின்னால் இழுத்தால் என்ன?

"நாய் முன்னால் இழுத்தால் நாம் பின்னால் இழுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நிற்கும் நண்பன் ஒருவனின் கையைப் பிடித்து, அவன் எதிர்பாராத நேரத்தில் மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். அவன் உடல் உடனே எதிர்ப்பக்கம் சாயும். கால்கள் தரையில் ஊன்றிக்கொள்ளும். "எதிர்க்க வேண்டும்" என்று அவன் யோசித்துச் செய்யவில்லை. கீழே விழாமல் இருக்க உடல் தானாகவே செய்வது அது. கழுத்தில் இழுபட்ட நாயும் அப்படித்தான் எதிர்ப்பக்கம் சாய்கிறது. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்! இந்தப் போட்டியில் நாய்க்கே வசதி அதிகம். அதற்கு நான்கு கால்கள், தரையைப் பற்றும் நகங்கள், தரைக்கு அருகிலேயே புவியீர்ப்பு மையம்.

கழுத்தும் பாடுபடுகிறது. மூச்சுக்குழல், பெரிய இரத்தக்குழாய்கள், தைராய்டு சுரப்பி எல்லாம் கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் இருக்கின்றன. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 26 நாய்களின் கண்களைச் சோதித்தார்கள். கழுத்துப்பட்டையில் இழுவிசை ஏற்பட்டபோது கண்ணுக்குள் உள்ள அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில் அதேபோல் இழுத்தபோது அவ்வாறு உயரவில்லை. ஆகவே குட்டிக்கு மார்புப்பட்டை நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கயிற்றை மாட்டும் வளையம் முதுகுப்பக்கம் இருந்தால், பனிநாட்டில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களைப்போல நம் நாயும் மார்பின் முழு வலுவோடு வசதியாக இழுக்கும். வளையம் மார்பின் முன்பக்கம் இருந்தால், நாய் முன்னே பாயும்போது கயிறு அதன் உடலைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே திருப்புவிசைதான் இங்கும்.

பட்டை எவ்வளவு நல்லதானாலும் அது பாடம் சொல்லித் தராது. இழுத்தால் சுருங்கி நெரிக்கும் சங்கிலிகளும், முள் வைத்த பட்டைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. "அடித்தால்தான் படியும்" என்று சொல்பவர்களும் உண்டு. போர்ச்சுகல் நாட்டில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. சில நாய்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கும் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவை. சில, அதட்டியும் கயிற்றைச் சுண்டியும் பழக்கும் பள்ளிகளில் படித்தவை. இரண்டாம் வகை நாய்கள் பயிற்சியின்போது வாயை நக்குதல், கொட்டாவி விடுதல் போன்ற பதற்றக் குறிகளை அதிகம் காட்டின. பயிற்சிக்குப்பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற இயக்குநீரும் அதிகமாக உயர்ந்திருந்தது.

அதே ஆய்வில் ஓர் அழகான சோதனையும் உண்டு. அறையின் ஒரு பக்கம் கிண்ணம் வைத்தால் அதில் எப்போதும் உணவு இருக்கும். மறு பக்கம் வைத்தால் எப்போதும் காலி. நாய்கள் இதைக் கற்றுக்கொண்டபின் கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். "இருக்குமோ, இருக்காதோ?" கடுமையாகப் பழக்கப்பட்ட நாய்கள் அந்த நடுக் கிண்ணத்தை நோக்கித் தயங்கித் தயங்கி நடந்தன. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றுக்குக் குறைந்துபோயிருந்தது!

பாவ்லோவ் கண்ட முரட்டு நாய்

முதன்முதலாகக் கயிறு கட்டியதும் சில குட்டிகள் துள்ளிப் புரளும், கயிற்றைக் கடிக்கும், சில, தரையில் படுத்துவிட்டு அசையாது. இதற்கு மருந்து என்ன என்பதை ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடமே காட்டியிருக்கிறது. உணவுக்கு முன் ஓர் ஒலியை எழுப்பிவந்தால், நாளடைவில் ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் ஊறும் என்று கண்டவர் அவர். அவரிடம் ஒரு நாய் இருந்தது. மற்ற நேரங்களில் அது நல்ல சாது. ஆனால் சோதனை மேடையில் நிறுத்தி வாரால் கட்டினால் மட்டும் நிலைகொள்ளாமல் திமிறும். உமிழ்நீர் ஓயாமல் வடியும். இதைப் பாவ்லோவ் "விடுதலை அனிச்சை" என்று அழைத்தார்.

அவர்கள் அந்த நாயை அடிக்கவில்லை. அதற்கான உணவு முழுவதையும் அந்த மேடையிலேயே வைத்துக் கொடுத்தார்கள்; வேறெங்கும் கொடுக்கவில்லை. முதலில் அது கொஞ்சம்தான் தின்றது, மெலிந்தும் போனது. பிறகு சிறிது சிறிதாக முழு உணவையும் உண்ணத் தொடங்கியது. அதோடு திமிறலும் அடங்கியது. மேடை என்றால் சாப்பாடு என்று அதன் நரம்பு மண்டலம் புரிந்துகொண்டுவிட்டது!

நாம் குட்டியைப் பட்டினி போட வேண்டியதில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் முன் பட்டையை மாட்டுங்கள்; தின்று முடித்ததும் கழற்றுங்கள். இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் மெல்லிய கயிறு ஒன்றைப் பட்டையில் கட்டி, வீட்டுக்குள் உங்கள் கண்முன்னே இழுத்துக்கொண்டு திரியவிடுங்கள். நாற்காலிக் காலில் சிக்கிக்கொள்ளும் என்பதால் தனியே விடக் கூடாது. பட்டையைக் கையில் எடுத்ததும் குட்டி வாலாட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் முதல் பாடம் முடிந்தது.

தெருவுக்கு இன்னும் அவசரம் இல்லை. பார்வோ போன்ற கொடிய நோய்களுக்கும் வெறிநாய்க்கடி நோய்க்கும் தடுப்பூசிகள் போட்டு, கால்நடை மருத்துவர் சரி என்ற பின்னரே குட்டியைத் தெருவில் இறக்க வேண்டும். அதுவரை திண்ணையும் மொட்டைமாடியும் போதும். பாடம் கற்க அமைதியான இடமே ஏற்றது.

மரம்போல் நில்லுங்கள்

வேகவைத்த முட்டையையோ கோழிக்கறியையோ பட்டாணி அளவுத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயமும் நாய்களுக்கு நஞ்சு, அவை வேண்டாம். ஐந்து அல்லது ஆறடி நீளக் கயிறு போதும். கயிற்றைக் கைவிரல்களிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் முறியக்கூடும்.

குட்டியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஓரடி எடுத்து வையுங்கள். அது கூடவே வந்தால், வந்த அந்தக் கணத்திலேயே "நல்லது" என்று ஒரே சொல்லைச் சொல்லி, உங்கள் இடது முழங்காலுக்கு அருகில் ஒரு துண்டு கொடுங்கள். இன்னோர் அடி, இன்னொரு துண்டு. பிறகு மூன்றடிக்கு ஒன்று, ஐந்தடிக்கு ஒன்று. பரிசு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் குட்டி இருக்க விரும்பும்.

அந்தச் சொல் எதற்கு? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், வீட்டு விலங்குகளைப் பழக்குவது பற்றி 1951இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். நல்ல செயலுக்கும் பரிசுக்கும் இடையே ஒரு விநாடி இடைவெளி விழுந்தாலும் பயனில் பெரும்பகுதி போய்விடும் என்றார் அவர். நாம் பையில் கைவிட்டு முட்டைத் துண்டை எடுப்பதற்குள் குட்டி காக்கையைப் பார்த்துத் திரும்பிவிடும். பரிசு, காக்கையைப் பார்த்ததற்கு என்றாகிவிடும்! சொல்லோ உடனே போய்ச் சேர்கிறது. "அந்தச் சொல் கேட்டால் தின்பண்டம் வரும்" என்பதைக் குட்டி முன்பே அறிந்திருந்தால் போதும்.

இனி முக்கியமான பகுதி. கயிறு விறைத்ததும் அப்படியே நின்றுவிடுங்கள். இழுக்காதீர்கள், திட்டாதீர்கள், ஓர் அடியும் முன்னே போகாதீர்கள். மரம்போல் நில்லுங்கள். குட்டி இழுத்துப் பார்க்கும், முனகும். ஏதோ ஒரு நொடியில் "என்ன ஆயிற்று?" என்று திரும்பிப் பார்க்கும், அல்லது ஓரடி பின்வாங்கும். கயிறு தொய்ந்து ஊஞ்சல்போல் வளையும். அந்த நொடியில் "நல்லது" என்று சொல்லி நடக்கத் தொடங்குங்கள். கயிறு தொய்ந்தால் உலகம் நகரும். விறைத்தால் உலகம் நின்றுவிடும். குட்டி கற்க வேண்டியது இவ்வளவே.

முதல் நாள் இருபதடி போவதற்குக் கால் மணி நேரம் ஆகலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்! ஐந்து நிமிடத்துக்கு மேல் பாடம் வேண்டாம். குட்டியின் கவனம் அவ்வளவுதான் நிற்கும். இருமுறை, மும்முறை என்று பிரித்துச் செய்யுங்கள்.

மின்கம்பத்தை மறந்துவிட்டோமே! அதைக் குட்டிக்கு மறுக்க வேண்டியதில்லை. கயிறு தொய்வாகவே இருக்கக் கம்பம்வரை நடந்தால், "போ" என்று அனுமதி கொடுத்து ஆசைதீர முகரவிடுங்கள். டேவிட் பிரிமாக் என்ற விஞ்ஞானி 1959இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு விலங்கு மிகவும் விரும்பிச் செய்யும் செயலையே, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது அது. இதற்குப் "பாட்டி விதி" என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. முதலில் கீரையைச் சாப்பிடு, அப்புறம் அப்பளம் என்று உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பாரே!

ஒரு சனிக்கிழமை மாலை

இப்போது பல வீடுகளில் பாடம் கெட்டுப்போகும் இடத்துக்கு வந்துவிட்டோம். நீங்கள் ஒழுங்காக நிற்கிறீர்கள். அண்ணனுக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது; குட்டி இழுத்த பக்கமெல்லாம் ஓடுகிறான். "ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும்?" என்று தோன்றும். என்ன ஆகும் என்பதை ஸ்கின்னரின் எலிகள் சொல்கின்றன.

எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும்படி அவர் பெட்டி செய்திருந்தார். உருண்டைகளை அவரே ஒரு சிறு கருவியால் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை இருப்பைப் பார்த்தார். திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. விடுமுறை நாளில் உட்கார்ந்து உருண்டை பிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஒவ்வோர் அழுத்தலுக்கும் உருண்டை கொடுப்பானேன், நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று மாற்றிவிட்டார். எலிகள் அழுத்துவதைக் குறைக்கவில்லை. ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தன! பின்னர் உணவை அடியோடு நிறுத்தியபோது, எப்போதாவது பரிசு பெற்றுப் பழகிய விலங்குகள், ஒவ்வொரு முறையும் பரிசு பெற்றவற்றைவிட வெகுநேரம் விடாமல் முயன்றன.

பத்து முறை இழுத்து ஒரு முறை வெற்றி கண்ட குட்டியும் அப்படித்தான். "ஒன்பது முறை நின்றார்கள், பத்தாவது முறை போனார்கள். ஆகவே இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம்" என்பதே அது கற்ற பாடம். அண்ணனின் அந்த ஒரு நாள், நீங்கள் நின்ற ஒன்பது நாளைத் தின்றுவிடும். அவசரமான நாள்களில் உலாவையே விட்டுவிட்டு முற்றத்தில் பந்து விளையாடுங்கள். அல்லது பழக்கும்போது மார்புப்பட்டை, அவசரத்தில் கழுத்துப்பட்டை என்று வேறுபடுத்திக்கொள்ளுங்கள். பட்டை மாறினால் சூழ்நிலையும் மாறியது என்று குட்டிக்குத் தெரியும். விளைவு விதியில் "அதே சூழ்நிலையில்" என்று ஒரு சொற்றொடர் வந்ததே, அது இங்கே நமக்கு உதவுகிறது.

நீங்களே அளந்து பாருங்கள்

தார்ண்டைக்கைப்போல் நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலிலிருந்து நூறு மீட்டர் தூரத்தை அளந்து ஓர் அடையாளம் இடுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் அந்தத் தூரத்தை நடந்து, எத்தனை முறை நிற்க வேண்டியிருந்தது என்று குறியுங்கள். வெயில் வேளை வேண்டாம். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால், அந்தத் தார் குட்டியின் பாதத்தையும் சுடும். தெருநாய்கள் கூடும் மூலையைத் தவிர்த்துச் செல்லுங்கள். பெரியவர் ஒருவர் கூட வரட்டும்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சுருள்வில் தராசை ஆசிரியரிடம் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அதைக் கயிற்றுக்கும் கைப்பிடிக்கும் இடையே மாட்டி, இழுவிசையை நேராகவே படிக்கலாம். கொக்கி நழுவினாலும் குட்டி ஓடிவிடாதபடி, தராசுக்கு இணையாக இன்னொரு கயிற்றையும் தொய்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும் குட்டியா இவ்வளவு இழுக்கிறது என்று வியந்துபோவீர்கள்.

கிடைத்த எண்களை வரைபடத் தாளில் குறியுங்கள்: கிடை அச்சில் நாள்கள், செங்குத்து அச்சில் நின்ற தடவைகள். கோடு முதல் நாளிலிருந்தே இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்பே இழுத்துப் பழகிய நாயாக இருந்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் கோடு மேலேகூட ஏறலாம். இதுவரை திறந்த கதவு திடீரென்று திறக்காவிட்டால் நாமும் முதலில் பலமாகத்தானே தள்ளிப் பார்க்கிறோம்? அந்த இரண்டு மூன்று நாள்களில்தான் பலர் "இந்த முறை சரிப்படவில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். கோடு ஏறும் நாளில் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்து, மறுநாளும் அதே நூறு மீட்டரை நடந்து பாருங்கள்.